நோரீன் கொடுத்த மூன்று

நோரீன் ஷ்ராகை எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் பிடிக்காது. அதில் தப்பே இல்லை என்று ரொம்ப நாள் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கான்சஸில் சுழல்காற்று ஓர் ஊரைத் துடைத்துப் போட்டால், மறுநாள் இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். ஒருவர் ரொட்டியும் ஜெபமுமாகப் பாதிரியார். இன்னொருத்தி அளவு நாடாவோடு நோரீன்.

பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை, வந்த காற்றுக்கு ஓர் எண் கொடுப்பதுதான் அவள் வேலை. காற்றை யாரும் கிட்டே போய் அளக்க முடியாது. போன கருவி திரும்பி வராது. அதனால் இடிந்ததைப் பார்த்து, இதை இடிக்க எவ்வளவு வேகம் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள். "எவ்ளோ காத்துங்க அடிச்சிது?" என்று கேட்டால், "காத்த நான் பார்க்கல. வீட்டத்தான் பார்த்தேன்" என்பாள். கூரை பறிகொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

அவள் என்னோடு படித்தவள், கோதுமை விவசாயியின் மகள். வாத்தியார் பலகையில் தப்பாகக் கூட்டினால் முதலில் கையைத் தூக்குகிற ரகம். வானிலை அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலையைப் பார்க்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்தபோதுகூட மூன்றே நாள்தான் லீவு எடுத்தாள் என்பார்கள். பக்கத்து ஊருக்கு ஒரு தடவை இரண்டு கொடுத்தாள். அவள் வண்டியைப் பார்த்ததும் பெட்ரோல் பங்குக்காரன் "பம்ப் ரிப்பேர்" என்று அட்டை மாட்டினான். அதற்கும் அவள் அசரவில்லை, கேனோடு வர ஆரம்பித்தாள்.

ஊர்கள் பெரிய எண்ணுக்கு ஏன் சாகின்றன என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஐந்து என்றால் கடவுள் செய்தது. எந்த வீடும் நின்றிருக்காது, எந்த உயிரும் தப்பியிருக்காது. மூன்று என்றால் வீட்டைக் கட்டியவனைத் தேடுவார்கள்.

போன மே மாதம் எங்கள் மார்ல் க்ரீக்குக்கு அந்தக் காற்று வந்தது. ஒரே ஒரு சாவு. என் தங்கை மகன் கர்ட்டின் மனைவி மார்சி. ஓடைப் பக்கத்து வீடு. தோண்டினால் தண்ணீர் என்பதால் பாதாள அறை கிடையாது. அவள் நடு வீட்டுக் குளியலறையில் ஒளிந்துகொண்டாள். கர்ட் அப்போது தானியக் கிடங்கில் வேலையாக இருந்தான். வீடு மொத்தமும் போய்க் காங்கிரீட் தளம் மட்டும் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. கோதுமை வயலில் அவளைக் கண்டெடுத்த தீயணைப்புத் தொண்டர்களில் நானும் ஒருவன்.

இங்கே ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டைப் பதினோரு வருடம் முன்பு, அவர்கள் கல்யாணத்துக்காக, சபைக்காரர்கள் நாங்கள் கூடி ஒரே சனிக்கிழமையில் நிறுத்தினோம். தளத்திலிருந்து போல்ட்டுகள் முளைத்து நிற்கும். சுவரைத் தூக்கி அதன் அடிப்பலகையை அவற்றில் சொருகி, வாஷர் போட்டு, நட்டை இறுக்க வேண்டும். அது என் பொறுப்பு. மூன்று மணிக்கு மேற்கே மழை மேகம் கறுத்தது. முற்றிய கோதுமை வயலில் நிற்கும்போது எங்கள் ஆட்கள் எவன் பேச்சையும் கேட்க மாட்டார்கள். மொத்தக் கூட்டமும் அறுவடைக்கு ஓடியது, நானும் ஓடினேன். திங்கள்கிழமை இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் அறுப்பு முடிந்து வருவதற்குள் இன்னொரு குழு வந்து சுவருக்குப் பலகை அடித்து மூடிவிட்டது. அதைப் பெயர்க்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆணி அடித்திருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

அதனால்தான் ஊரிலேயே அதிகமாக "அஞ்சு! அஞ்சு!" என்று கத்தியவன் நான்.

நோரீன் வந்ததும் வழிகாட்டுகிற சாக்கில் கூடவே ஒட்டிக்கொண்டேன். தளத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தடவினாள்.

"டெல்மர், நட்டு இறுக்கியிருந்தா பலக பிளந்துதான் போகும். சிலாம்பாவது போல்ட்டுல மாட்டி நிக்கும். இங்க பாரு, மரை கூடச் சிதையல."

"காத்து கழட்டிட்டுப் போயிருக்கும்."

"காத்துக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது."

பத்தடி தள்ளி நின்ற ரோஜாச் செடியைக் காட்டினாள். இலை பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. தபால் பெட்டிக் கம்பம் சாயக்கூட இல்லை.

"இதெல்லாம் நிக்குது, வீடு மட்டும் பறந்திருக்கு" என்றவள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "போல்ட்டு வேல பார்த்தது யாரு?"

"நாலு ஊர்க்காரங்க கூடிக் கட்டினது. யாருக்குத் தெரியும்?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நோட்டில் ஏதோ எழுதினாள். அந்த நிமிடம் அவளைக் கழுத்தை நெரித்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தீயணைப்பு நிலையத்தில் கூட்டம். நோரீன் எழுந்து, காகிதத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "மூணு. காத்தோட வேகம், மணிக்கு நூத்தி அறுபத்தஞ்சு மைல்."

கூரையே பெயர்ந்துவிடும்போல் கூச்சல். காபிக் கடை லவோன் நாற்காலி மேல் ஏறிவிட்டாள். "ஏம்மா, நாலு சுவரு இருந்த எடத்துல ஒரு பலக இல்ல, மூணாம்! உன் வீடு போயிருந்தா எத்தன குடுப்ப?"

"என் வீட்டுலயும் நட்டப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

கர்ட் எழுந்தான். மார்சியைப் புதைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. "நேரா சொல்லுங்க. வீட்ட ஒழுங்காக் கட்டியிருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது" என்றாள் நோரீன். "நட்டு இருந்திருந்தா உள்சுவர் நின்னிருக்கலாம்."

"செத்தவ வீட்டுல வந்து குத்தம் கண்டுபிடிக்கிறியா? வெளிய போடி!" கத்தியது நான்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ எறிந்த காபிக் கோப்பை அவள் சட்டையை நனைத்தது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை, என் பெயரைச் சொல்லவும் இல்லை. வெளியே வந்ததும் கர்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகப் பேசினதுக்கு ரொம்ப நன்றி, மாமா" என்றான். நானும் வெட்கமில்லாமல் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அறுவடை முடிந்து ஆகஸ்டில் அதே தளத்தில் புது வீடு கட்டச் சபை கூடியது. அறுபது பேர். காலை பத்து மணிக்குள் சுவர்கள் எழுந்துவிட்டன. கர்ட் ஸ்பானரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"போல்ட்டு வேல உங்களோடது மாமா. அந்தப் பொம்பள சொன்னது பொய்யின்னு இந்த வீடு காட்டணும். வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

குனிந்து இறுக்க ஆரம்பித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். முடியவில்லை.

"கர்ட், அன்னிக்கும் இது என் வேலதான். நான் இறுக்கல. கோதும அறுக்கப் போயிட்டேன்."

"எல்லாரும் அவளத் தொரத்தினப்ப, மொதல்ல கத்தினது நீங்க."

"ஆமாப்பா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனைக்கறேன்."

ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டான். "தளத்த விட்டுக் கீழ எறங்குங்க." அவ்வளவுதான். என்னை அடித்திருந்தால் தேவலை.

போனை எடுத்து நோரீனைக் கூப்பிட்டான். அறுபது பேரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் காத்திருந்தார்கள். அவள் வந்தபோது யாரும் வணக்கம் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னவள் என்று தெரிந்த பிறகும் எங்கள் ஆட்களுக்கு வாய் வரவில்லை. முட்டி வலியோடு மண்டியிட்டாள். கர்ட் ஒவ்வொரு நட்டையும் இறுக்க இறுக்க, அவள் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள். இரண்டு இடத்தில் "இன்னொரு தரம்" என்றாள். அவன் மறுபேச்சில்லாமல் இறுக்கினான்.

நான் சாலையோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு போல்ட்டு. கடைசியை முடிக்கிற வரைக்கும் கர்ட் என் பக்கம் திரும்பவில்லை. இன்றுவரை திரும்பவில்லை.