எட்டு பேருக்கு மேல் அழைத்துப் போகாத லோன்சு

லோன்சுவுக்கு எட்டுக்கு மேல் எண்ண வராது என்று இம்ஜார் துறைமுகத்து டிரைவர்கள் கேலி செய்வார்கள். நாற்பது பேரைப் பஸ்ஸில் அடைத்துக்கொண்டு மால்டாவுக்குப் பக்கத்துக் கோசோ தீவைச் சுற்றிக்காட்டும் ஆட்களுக்கு நடுவே, ஒரு சின்ன வேனில் எட்டே பேரைப் பழைய கோயில்களுக்கும் கோட்டைக்கும் கூட்டிப் போகிறவன் அவன்.

"எட்டுன்னா ஒரே பார்வையில தெரிஞ்சுடும். ஒன்பதுன்னா எண்ணணும். எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஒருத்தர் நகர்ந்துட்டா?" என்பான். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பயத்தோடுதான் தொழில் செய்கிறான்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அவன் பிறந்த ஊர் சன்னாத். அதற்குப் பின்னால் தா சென்ச் என்கிற பாறை மேடு. அவனுடைய அப்பா சால்வு அந்த மேட்டு விளிம்பிலிருந்து கயிற்றில் இறங்கி மீன் பிடிப்பவர். லோன்சுவுக்கு ஒன்பது வயதானபோது கயிறு அறுந்து விழுந்தார். சாகவில்லை, இடுப்பு நொறுங்கியது. பதினோரு வருடம் படுக்கையில் கிடந்தார். முதியோரைப் பராமரிக்கும் பயிற்சி முடித்து நான் முதலில் பார்த்த நோயாளி அவர்தான். புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடுவேன். பையன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். விழுவது என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் தீவின் ராபாத் நகர முதியோர் இல்லத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து நான் ஓய்வு பெற்ற பிறகு, வயதானவர்கள் வரும் குழுக்களுக்குத் துணையாக லோன்சு என்னைக் கூப்பிட ஆரம்பித்தான். சரித்திரம் சொல்வது அவன் வேலை. மாத்திரை, தண்ணீர், படியேற்றுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது என் வேலை.

போன ஜூலையில், சன்னாத்தில் சாந்தா மார்கெரீத்தா என்ற புனிதையின் திருவிழா நடக்கிற வாரம், ஒரு குழு வந்தது. அதில் ஹெஸ்டர் என்று ஒரு இங்கிலாந்துக்காரி, எழுபத்தொன்பது வயது. கூடவே மகள் ரூத். மால்டாவிலிருந்து அவர்களைக் கூட்டிவரும் படகில் ஹெஸ்டர் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. பத்து நிமிடத்தில் மூன்று தரம் என்னிடம், "இந்தப் படகு வீட்டுக்குத்தானே போகுது?" என்றாள்.

மகளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அம்மாவுக்கு மறதி எப்போலருந்து?"

"மறதியெல்லாம் இல்லீங்க. ராத்திரி சரியா தூங்கல, அவ்வளவுதான்."

பொய் என்று தெரிந்தது. இந்த மாதிரிக் குழுக்களில் மறதி நோய் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை, அதனால் மறைத்திருக்கிறாள். அப்போதே லோன்சுவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவன் பயணத்தையே நிறுத்திவிடுவான், நான் ஒரு கண் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். அது என் தவறு.

மதியம் ஒன்றரை மணிக்கு தா சென்ச் மேட்டில் இருந்தோம். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் பாறையில் விழுந்த வண்டித் தடங்களை அங்கேதான் காட்டுவான். மரம் கிடையாது. வேலியும் கிடையாது. தரை தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும், பிறகு சட்டென்று இருக்காது. கீழே கடல்.

உடோ என்ற ஜெர்மன்காரருக்கு வெயிலில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. குனிய வைத்து மூக்கைப் பிடித்தேன். நாலு நிமிடம் இருக்கும்.

"ஏழு," என்றான் லோன்சு.

ஹெஸ்டரைக் காணோம். எல்லாப் பக்கமும் பார்த்தோம். வெறும் பாறை.

"அம்மா!" என்று ரூத் கத்த ஆரம்பித்தாள்.

மற்றவர்களை வேனில் உட்காரச் சொல்லிவிட்டு அவன் போலீசுக்குப் பேசினான். போலீஸ் கேட்டதற்கெல்லாம் ரூத் அழுதுகொண்டே அவனிடம் பதில் சொன்னாள். தேடும் படகு வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பிறகு அவன் குப்புறப் படுத்து, விளிம்புவரை ஊர்ந்து போனான். அத்தனை வருடத்தில் அந்த விளிம்புக்கு இருபது அடி இப்பால்தான் நிற்பான். நான் அவன் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, கீழே வெள்ளையா ஒண்ணு கிடக்கு."

"என்னது?"

"தெரியல. அந்த அம்மா தொப்பி வெள்ளை."

இருந்தாலும் யோசித்தேன். இந்த நோய்க்காரர்களை எனக்குத் தெரியும். வெட்டவெளியை நோக்கிப் போகமாட்டார்கள். கால் ஏதாவது ஒரு பாதையைப் பிடிக்கும், அது முடியும் இடம்வரை போகும். அங்கே ஒரே பாதைதான், அது கல் சுவர்களுக்கு நடுவே இறங்கிச் சன்னாத்துக்குப் போகிறது.

"லோன்சு, நான் ஊருக்குள்ள தேடுறேன். நீ இங்கேயே இரு. படகு வரட்டும்."

அவன் கணுக்காலை விட்டுவிட்டு ரூத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சன்னாத்தில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. மதியத் தூக்க நேரம், நாய்கூட வெளியே இல்லை. நானும் ரூத்தும் "ஹெஸ்டர்! ஹெஸ்டர்!" என்று மூன்று தெரு கத்தினோம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கத்துவதை நிறுத்தினேன். எங்கள் தீவில் பழைய ஆட்கள் வாசல் சாவியை வெளிப்பக்கமே பூட்டில் விட்டுவைப்பார்கள். தள்ளினால் திறக்கிற கதவைத்தான் ஹெஸ்டர் திறந்திருப்பாள். சாவி தொங்கும் கதவுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாலாவது கதவில் தோனா நின்றாள். எண்பத்தொரு வயது, என் தூரத்து உறவு. உதட்டில் விரல் வைத்திருந்தாள்.

"சத்தம் போடாத ஜூசா. இப்பதான் கண்ணசந்தா."

"யாரு?"

"என் தங்கச்சி ரோசீனாதான். மெல்போர்ன்ல இருந்து நாளைக்கு வர்றதா எழுதியிருந்தா, இன்னிக்கே வந்துட்டா! கதவைத் திறந்துகிட்டு, 'வீட்டுக்கு வந்துட்டேன்'னு இங்கிலீஷ்ல சொல்றா. அம்பது வருஷத்துல நம்ம பேச்சே மறந்துபோச்சு பாவம். ரெண்டு கிண்ணம் சூப் குடிச்சா."

"நாங்க தெருவுல கூப்பிட்டது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. யாரோ ஹெஸ்டரைத் தேடுனீங்க. எனக்கென்ன?"

உள்ளே கட்டிலில் ஹெஸ்டர் தூங்கினாள். நாடி பார்த்தேன், உதடு வறண்டிருக்கிறதா என்று பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை. ரூத் கட்டிலோரமாக அம்மாவோடு உட்கார்ந்துவிட்டாள்.

லோன்சுவின் போனுக்கு அடித்தேன். எடுத்தது உடோ.

"அவர் போனை வண்டியில வெச்சுட்டுப் போயிட்டார். கீழே இறங்குறார். நாங்க சொல்லியும் கேக்கல."

தோனாவின் தம்பி மகன் தன் வண்டியில் என்னைக் கொண்டுபோய் விட்டான். ஐந்து நிமிடப் பயணம், அதற்குள் தீயணைப்புக்குப் போன் பண்ணினேன். விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தேன். மூன்று ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு கையகலப் படியில் லோன்சு பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்தான். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. அவன் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"லோன்சு! கிடைச்சுட்டா! நல்லா இருக்கா!"

"பொய் சொல்லாதக்கா. என்னை மேல ஏத்தப் பாக்குற. அந்த வெள்ளை இன்னும் அசையுது."

"மீன்காரன் மிதவையா இருக்கும்டா!"

"ரூத் சொன்னா, படகுலயே நீ கேட்டியாமே. உனக்குத் தெரியும். எங்கிட்ட சொல்லல. இப்ப எப்படி நம்புறது?"

அவன் வலது கால் துடிக்க ஆரம்பித்திருந்தது. தசை களைத்தால் அப்படித்தான் துடிக்கும். அதற்குப் பிறகு கால் தாங்காது.

"சொல்லாதது என் தப்பு. இப்ப தோனா வீட்டுல தூங்குறா. ரோசீனான்னு நினைச்சு ரெண்டு கிண்ணம் சூப் ஊத்தியிருக்கா."

பாறையிலிருந்து முகத்தைத் திருப்பி மேலே பார்த்தான்.

"தோனாவா? ரெண்டு கிண்ணமா?"

"ரெண்டு."

"எங்க அம்மா சாவுக்குக்கூட அவ ஒரு கிண்ணத்துக்கு மேல ஊத்தலயே," என்றான். பிறகு அழுதான். "அக்கா, கால் நிக்க மாட்டேங்குது."

"குதிகாலை இறக்கு. நெத்தியைப் பாறையில சாய்ச்சுக்க. கீழே பாக்காத. மூச்சை மெதுவா வெளியே விடு, நான் சொல்றப்ப மட்டும் இழு."

தீயணைப்புக்காரர்கள் கயிற்றோடு வரும்வரை முப்பத்தைந்து நிமிடம் அவனுக்கு மூச்சு எண்ணினேன். ஒரு முறை அவன் கை வழுக்கியது, ஒரு கல் விழுந்தது. அது தண்ணீரைத் தொடும் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

மேலே தூக்கியதும் அவன் விரல்கள் விரியவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

கீழே கிடந்த வெள்ளை ஒரு மிதவைதான், அதைப் போலீஸ் படகுக்காரர்கள் எடுத்துப் போனார்கள். விஷயத்தை மறைத்துவிடும்படி ரூத் கெஞ்சினாள். லோன்சு கேட்கவில்லை. நடந்ததை அன்று மாலையே தன் கைப்பட எழுதி, குழுவை அனுப்பிய சுற்றுலாக் கம்பெனிக்கு அனுப்பினான், நான் மறைத்ததையும் சேர்த்து.

இந்த வருடமும் குழுக்களை அழைத்துப் போகிறான், அந்த மேட்டுக்கு மட்டும் போவதில்லை. துணைக்கு ஷாரா ஊரிலிருந்து ஒரு நர்ஸ் வருகிறாள். என்னைக் கூப்பிடவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.