போட்டு வாறன் முறை

கிளிநொச்சியில் நான் வேலை செய்த கணினி அறையில் இரண்டே பேர்தான், நானும் ஓர் அக்காவும். நெல்லினங்களைத் தேடும் பக்கம் ஒன்றைப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிக்கொண்டிருந்தோம். நெல்லின் பெயருக்கு இடம் விட்டுக் கேள்வியை எழுதி, பெயரைத் தனியாகச் சேர்த்துத் தரவுத்தளத்துக்கு அனுப்புவோம். அனுப்பிய நிரல் பதிலுக்காக நிற்காது. வேறு வேலை பார்த்துவிட்டுப் பிறகு வந்து எடுக்கும். அக்கா அதற்கு, விடைபெறும்போது சொல்வதுபோல், 'போட்டு வாறன் முறை' என்று பெயர் வைத்திருந்தார்.

லீவில் யாழ்ப்பாணம் புறப்பட்டபோதும் வாசலில் நின்று, "போட்டு வாறன்" என்றார்.

"ஓம் அக்கா, கவனமாப் போட்டு வாங்கோ" என்றேன்.

அந்தக் கிழமையே சண்டை தொடங்கி, யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டினார்கள். ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணம் போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

தனியாக வேலையைத் தொடர்ந்தேன். இரண்டாவது கேள்வியை அனுப்பினால் போகமாட்டேன் என்றது. அக்கா அரைவாசியில் விட்டுப்போன பகுதி அது. முதல் கேள்வியின் பதிலை எடுக்க ஆளில்லாமல் இணைப்பு அடைபட்டுக் கிடந்தது. பதிலை எடுக்கும் வரியை நானே எழுதினேன். சனியன் பிடித்த பக்கம் உடனே வேலை செய்தது. சொல்லிச் சந்தோஷப்பட ஒருவரும் இல்லை.

பின்னேரம் ஜெனரேற்றரை நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டும்போது, அக்கா உட்காரும் வெறுங்கதிரையைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றேன்.

பதிலுக்கு நிற்கவில்லை.