கூசினால் நல்லது

டாக்டர் எஸ்தர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் ஒருவருடைய கடைவாய்ப் பல்லைப் பாதி குடைந்திருந்தேன். சிதம்பரத்திலிருந்து அவருடைய தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். காய்ச்சல் என்று லீவு சொன்னவர் திங்கட்கிழமை வந்துவிடுவார் என்று நோயாளிகளிடம் சொல்லி வைத்திருந்தேன். குடைந்த பல்லை அப்படியே விட முடியாது. அடைத்து முடித்த பிறகுதான் அழுதேன்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், 2004இல், நாங்கள் இருவரும் ஒரே அறையில் இரண்டு நாற்காலி போட்டுத் தொழில் தொடங்கினோம். அவர் தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நான் அவசரக்காரன். ஒரு பல்லுக்கு இத்தனை நேரமா என்று சீண்டுவேன். "உங்க கிட்ட வர்றவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள முடிச்சிடுறீங்க சார்" என்று திருப்பிக் கொடுப்பார். அவரைத் தெரிந்த உங்களில் பலரும் அவரோடு வாதம் செய்திருப்பீர்கள். ஜெயித்தவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

2009இல் புவனகிரியிலிருந்து ஒரு தாய் தன் எட்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பள்ளிக்கூடத்துக் குழாயில் மோதி, அபிநயாவின் மேல் முன்பல் பாதி உடைந்திருந்தது. உடைந்த இடத்தின் நடுவே குண்டூசித் தலையளவு சிவப்பு. பல்லின் உயிரான உள்சதை வெளியே தெரிந்தது. பெரியவர்களுக்கு என்றால் நரம்பை எடுத்துவிட்டு வேரை அடைத்துவிடுவோம். எட்டு வயதில் முன்பல்லின் வேர் வளர்ந்து முடிந்திருக்காது, நுனி திறந்தே இருக்கும். உள்ளே உயிர் இருந்தால்தான் மிச்ச வேர் வளரும். செத்துப்போனால் பல் சன்னச் சுவரோடு நின்றுவிடும், என்றைக்காவது ஒடிந்துவிடும்.

வெளியே தெரிந்த சதையின் மேற்பகுதியை எஸ்தர் துளி அளவு மட்டும் எடுத்தார். ஈரப் பஞ்சை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தால் ரத்தம் ஊறியது. மறுபடி அழுத்தினார். மறுபடி ஊறியது. ரத்தம் நிற்கவில்லை என்றால் அழற்சி ஆழத்துக்குப் போய்விட்டது என்று பொருள். நான் என் நோயாளியை விட்டுவிட்டு வந்து நின்றேன். அடுத்த முறை பஞ்சை எடுத்தபோது அந்த இடம் சுத்தமாக இருந்தது. வெள்ளைக் கால்சிய மருந்தை வைத்து, மேலே காற்றுப் புகாமல் அடைத்தார்.

"நான் மூடி மட்டும்தாம்மா போட்டிருக்கேன். உள்ள சுவர் எழுப்ப வேண்டியது பல்லுதான். அதுக்கு நேரம் குடுக்கணும்" என்றார்.

சில வாரம் கழித்துத் தாயும் மகளும் வந்தார்கள். எஸ்தர் ஐஸ் துண்டை அந்தப் பல்லில் வைத்தார். கூசுதா என்று கேட்டதற்கு, இல்லை என்றாள் குழந்தை. மறுபடி வைத்தார். இல்லை. எக்ஸ்ரேயிலும் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. உயிர் போயிருந்தால் சீழ் வைப்பதற்கு முன் அன்றைக்கே பல்லைத் திறந்தாக வேண்டும். உயிரோடு இருக்கும் பல்லைத் திறந்துவிட்டால் அதைவிடப் பாவம் வேறில்லை. திறந்துவிடலாம் என்றுதான் நானும் சொன்னேன். மரத்துப்போகிற ஊசியை எஸ்தர் கையில் எடுத்துவிட்டார்.

எடுத்தவர் தட்டில் வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த நல்ல பல்லில் ஐஸை வைத்தார். குழந்தை அதற்கும் இல்லை என்றாள். கீழ்ப் பல்லில் வைத்தார். அதற்கும் இல்லை. அவளுடைய விரல்கள் நாற்காலிக் கையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. ஒரு வாயில் எல்லாப் பல்லுமா செத்துப்போகும்? எஸ்தர் குழந்தையிடம் ஒன்றும் கேட்கவில்லை. தாயின் பக்கம் திரும்பினார்.

"கூசினா நல்லதும்மா. பல்லு உயிரோட இருக்குன்னு அர்த்தம். கூசுற பல்ல யாரும் புடுங்க மாட்டோம்."

தாயின் முகம் வெளுத்துவிட்டது. "நாந்தான் டாக்டரம்மா சொல்லிக் கூட்டியாந்தேன். எதக் கேட்டாலும் இல்லன்னு சொல்லுடி, இல்லன்னா புடுங்கிடுவாங்கன்னு. எனக்குச் சின்ன வயசுல அப்படித்தான் புடுங்கினாங்க" என்றார்.

நம் பக்கத்துத் தாய்மார்கள் பலரும் டாக்டர் வீட்டு வாசலில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற பதில்தான் அது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு நல்ல பல்லைக் கொன்றிருப்போம். எஸ்தர் அந்த அம்மாவை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுபடி ஐஸை வைத்தார். குழந்தை தாயைப் பார்த்தாள். தாய் தலையசைத்தார். அப்புறம்தான் அவள் "ஆ" என்று தலையைப் பின்னால் இழுத்தாள். எஸ்தர் தட்டிலிருந்த ஊசியை எடுத்து உள்ளே வைத்தார்.

சாயங்காலம் நான் விடாமல் பொருமிக்கொண்டிருந்தேன். "பயந்தவங்க கிட்ட கேட்டா பயம்தான் சார் பதில் சொல்லும். மொதல்ல நாமதான் பயத்த எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

பிறகு எடுத்த படத்தில், மருந்துக்கு அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. பல் தானே எழுப்பிக்கொண்ட சுவர். எஸ்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். வருடா வருடம் வேர் வளர்ந்தது. போன வருடப் படத்தில் நுனி மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. இந்த முறை மூடிவிடும் என்று ஆவலாகக் காத்திருந்தார்.

அவரை அடக்கம் செய்த மறு வாரம் அபிநயா, இப்போது பதினோரு வயதுப் பெண், தாயோடு வந்தாள். விஷயம் தெரியாமல் வந்துவிட்டார்கள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நான்தான் ஐஸை வைத்தேன். "கூசுது சார்" என்றாள், கண்ணில் நீர் வழிய. படம் எடுத்தேன். நுனி மூடியிருந்தது. வேர் முழுதாக வளர்ந்துவிட்டது. தாய் அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இதப் பாக்காம போயிட்டாங்களே சார்" என்றார்.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு வழக்கம். ஐஸை எடுப்பதற்கு முன்பு, குழந்தையைக் கூட்டி வந்தவரை உட்காரவைத்து, கூசினால் நல்லது என்று சொல்கிறேன். அவர்கள் முகம் தெளிகிற வரைக்கும், அவசரக்காரனான நான், காத்திருக்கிறேன்.