செம்பு வாஷர்

மகன் வாசலில், என் அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து டர்ட் பைக்கின் கியர் ஆயிலை வடித்தான். அதே கருகல் வாடை.

அறுபதுகளில் எனக்கு ஏழு வயதிருக்கும். தோல் வாங்க வேடசந்தூர் போகும் மோட்டார் சைக்கிளுக்கு எங்களைப் பெற்ற அத்தா திண்டுக்கல் வீட்டிலேயே ஆயில் மாற்றுவார். ஆயிலை வடிக்கக் கழற்றிய அடிபோல்ட்டின் செம்பு வாஷரை அண்ணன் கல்மேல் வைத்திருந்தான். மோதிரம்போல இருக்கவே விரலில் மாட்டிக்கொண்டு நான் ஓடிவிட்டேன். தேடிச் சலித்த அத்தா, வாஷர் இல்லாமலே போல்ட்டை முறுக்கினார். வழியெல்லாம் ஆயில் ஒழுகி, கியர் இறுகிப்போய், வண்டி மாட்டுவண்டியில் வீடு திரும்பியது.

“ஒரு வாஷரப் பாத்துக்கத் துப்பில்ல. இனிமே வண்டியத் தொடாத,” என்றார் அண்ணனிடம். அவன் பிறகு தொடவேயில்லை. மோதிரத்தை நான் கிணற்றில் போட்டேன்.

“மாமா, இந்த வாஷரச் செத்த நேரம் வச்சிருங்க,” என்று மகன் நீட்டினான்.

எழுபதைத் தாண்டிய அண்ணன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“உங்கம்மாகிட்ட குடுப்பா. நான் தொலைச்சிருவேன்.”

வாங்கிக்கொண்டேன்.