உப்பு எரியாத கால்

2005 ஏப்ரலில் நான் டாக்டராகிவிட்டேன். எந்த டாக்டர் என்பதுதான் தெரியவில்லை. ஹவுஸ் சர்ஜன் வருடம் முடிந்து, புதுச்சேரி மருத்துவமனை ஒன்றில் ஜூனியர் டாக்டர் வேலை கிடைத்திருந்தது. எந்தப் பிரிவில் சேர விருப்பம் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் நிரப்பித் தர வேண்டும். தந்தபின் மாற்ற முடியாது.

இதில் என்ன இக்கட்டு என்பீர்கள். என் அம்மா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர். மகன் ஆபரேஷன் டாக்டராகப் போகிறான் என்று அனுமந்தையிலிருந்து கீழ்புத்துப்பட்டு வரை சொல்லி வைத்திருந்தார். அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் வேறு. அந்த மகனோ பயிற்சியின்போது ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு முறை மயங்கி விழுந்தவன். முதல் முறை நாகரிகமாக ஓரத்தில் விழுந்தேன். இரண்டாம் முறை நோயாளியின் மேலேயே சாயப் போனேன். ஒரு நர்ஸ் கவுனைப் பிடித்து இழுத்தார். அன்று முதல் ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். அறுவை என்று எழுதினால் யாராவது ஒரு நோயாளி போய்விடுவார். எழுதாவிட்டால் அம்மா போய்விடுவார். சொல்லி அழ ஆளில்லை. மருத்துவமே வேண்டாம் என்று எங்காவது ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சனிக்கிழமை ஊருக்கு வந்து, மதியம் யாருமில்லாத எங்கள் சபை ஆலயத்தில் முழங்காலில் நின்றேன். எங்கள் பக்கம் முடிவெடுக்க முடியாதவர்கள் சீட்டெழுதி, பீடத்தில் போட்டு, ஜெபித்து எடுப்பது வழக்கம். அறுவை, பொது மருத்துவம், குழந்தைகள் என்று மூன்று சீட்டு எழுதினேன். ஒரு துண்டுக் காகிதம் மீந்தது. வீணாக்குவானேன் என்று தோல் என்று எழுதிப் போட்டேன். ஜெபித்து எடுத்தேன். தோல். சரியாகக் குலுக்கவில்லை என்று மறுபடி எடுத்தேன். தோல். அந்தச் சீட்டின் மடிப்பில் ஏதோ கோளாறு என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மற்ற மூன்றைக் குலுக்கினேன். அறுவை வந்தது. ஸ்தோத்திரம் என்றேன். மனதில் மட்டும் சமாதானம் இல்லை. வெகுநேரம் அழுதேன். "ஆண்டவரே, என்னை மாதிரி மரமண்டைக்கும் புரிகிற மாதிரி காட்டும்" என்று கெஞ்சிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் ஆராதனையில் எஸ்தர் அக்கா, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன் சாட்சியாகச் சொன்னார். அம்மாவோடு உப்பளத்தில் வேலை செய்கிறவர். எஸ்தர் அவருடைய உண்மைப் பெயர் அல்ல. இதை எழுத அனுமதி கேட்டபோது, "எழுது தம்பி, பேரை மட்டும் மாத்திடு. மாத்தறதுன்னு ஆயிடுச்சு, பைபிள்ல வர்ற ராணி பேரா வை" என்றார்.

காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் உப்பளத்துத் தண்ணீர் பட்டால் உயிர் போய் உயிர் வரும். அக்கா எழுந்து நின்று சொன்னார்: "கிறிஸ்துமஸ்ல கேட்டேங்க, ஆண்டவரே இந்த எரிச்சல் தாங்கலைன்னு. பொங்கலுக்கு அப்புறமா என் வலது கால்ல உப்பு எரியறதே இல்லீங்க. வெட்டுப்பட்டாக்கூடத் தெரியல. அல்லேலூயா!" சபை கைதட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்" என்றவன், ஐந்தரை வருடம் மருத்துவம் படித்த நான்.

திங்கட்கிழமை காலை பஸ் ஏறுமுன், கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவிட்டுப் போ என்று அம்மா என்னை உப்பளத்துக்கு இழுத்துப்போனார். எஸ்தர் அக்கா பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்.

"இன்னா டாக்டரு தம்பி, ஷூவைக் கழட்டிட்டு எறங்கு. நாளைக்கு நீ கொழம்புல போட்டுத் தின்னப் போற உப்பு இது" என்றார்.

அவர் நடந்த இடமெல்லாம் வெள்ளை உப்பில் சிவப்புத் தீற்றல்.

"அக்கா, கால்ல ரத்தம்!"

"அட, ஆமா." காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் விரல்நகம் அளவுக்குச் சிப்பித் துண்டு ஏறியிருந்தது. செருப்பில் குத்திய முள்ளை எடுப்பதுபோலப் பிடுங்கி எறிந்தார். "பாத்தியா, ஒண்ணுமே தெரியல."

"அவ குடுத்து வெச்சவ" என்றார் அம்மா, கொஞ்சம் பொறாமையோடு. "நானுந்தான் ஜெபம் பண்றேன். எனக்கு எரியுதே."

ஐந்தரை வருடம் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்காவை வரப்பில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். அம்மாவின் முந்தானையில் ஒரு நூலை உருவி, நுனியால் பாதத்தைத் தொட்டேன்.

"நான் தொட்டா சொல்லுங்கக்கா."

"சரி, தொடு."

தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"இன்னும் எத்தினி நேரம் தம்பி? வேலை கெடக்குது, தொடேன்."

கெண்டைக்காலில் தேமல் மாதிரி வெளுத்த ஒரு திட்டு. அங்கும் உணர்ச்சியில்லை. முட்டிக்குப் பக்கத்தில் நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. அருகில் உட்கார்ந்து, மெதுவாக, தொழுநோயாக இருக்கலாம் என்றேன்.

"குஷ்டமா?" என்றார். காலைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டார். "அப்போ அது ஆண்டவரு செஞ்சது இல்லியா தம்பி? நான் சபையில எழுந்து நின்னு சொன்னேனே."

"நானும் ஆமென் சொன்னேனேக்கா. அவர் என்ன செஞ்சாருன்னு எனக்குத் தெரியல. இதுக்கு மாத்திரை இருக்குது, சுகமாயிடும். அது நல்லாத் தெரியும்."

அக்காவையும் அம்மாவையும் அதே பஸ்ஸில் என் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தோல் பிரிவு டாக்டர் பரிசோதித்துவிட்டு, அதேதான் என்றார். "நரம்பு இப்பதான் கெட ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா கால் விரலெல்லாம் போயிருக்கும். நல்ல நேரத்துல கொண்டாந்தப்பா." அப்போதுதான் கவனித்தேன், காலையில் அக்காவின் ரத்தத்தைப் பார்த்தும் எனக்குத் தலை சுற்றவே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, படிவத்தை முழங்காலில் வைத்து, முதல் விருப்பம் தோல் என்று எழுதினேன். இரண்டாம், மூன்றாம் விருப்பங்களைக் காலியாக விட்டேன். மணி பதினொன்று நாற்பது.

"ஆபரேஷன் பண்ணுவேன்னு பாத்தா, சொறி சிரங்கு பாக்கறேன்றியேடா" என்றார் அம்மா. மயங்கி விழுந்த கதையை அப்போதுதான் சொன்னேன். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டினி கெடந்தேனே!"

எங்கள் மூவரையும் போதகரையும் தவிர ஊரில் யாருக்கும் நோயின் பெயர் தெரியாது. மாதக்கணக்கில் மாத்திரை, எல்லாம் இலவசம். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அக்கா மறுபடி சாட்சி சொல்ல எழுந்தார். "கால்ல உப்பு எரியுதுங்க. லேசாத்தான். ஆனா எரியுது" என்றவர் அழுதுவிட்டார். கைதட்டுவதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் சபை விழித்தது. முதலில் கைதட்டியது என் அம்மா.

படிவம் எழுதிய அந்தத் திங்கட்கிழமை தொடங்கித் தோல் டாக்டராகவே இருக்கிறேன். பருவும் பொடுகும்தான் அதிகம் வருகின்றன, குறையொன்றுமில்லை. ஆனால் யாராவது ஒருவர் காலை நீட்டி, "இங்க வலியே இல்ல சார்" என்று சந்தோஷமாகச் சொல்லும்போது, எனக்குள் ஒரு ஸ்தோத்திரம் எழும். நான் இருக்க வேண்டிய இடத்தில் என்னை உட்காரவைத்தவருக்கு அது. நான் கேட்டது ஒரு பிரிவின் பெயர். அவர் காட்டியது ஒரு மனுஷியின் கால்.

எஸ்தர் அக்கா இன்றும் ஜெபிக்கிறார். என்ன கேட்கிறீர்கள் என்று போன மாதம் விசாரித்தேன். "எரியட்டும் ஆண்டவரே, ஆனா கொஞ்சம் கம்மியா எரியட்டும்னு கேக்கறேன் தம்பி" என்றார். அன்பானவர்களே, நீங்களும் அப்படிக் கூச்சமில்லாமல் கேளுங்கள். நமக்கு எதைக் கேட்பதென்று சரியாகத் தெரியாவிட்டாலும், என்ன தருவதென்று அவருக்குத் தெரிகிறது.