நான்கு தேசிக்காய்களும் நான்கு பழைய ரயர்களும்

புலம்பெயர்ந்து வாழும் நகருக்கு வெளியே, பண்ணையொன்றின் சரிவு நிலத்தில் நான் காய்கறி பயிரிடுகிறேன். சேற்றிலும் பனியிலும் அங்கு ஏறுவதற்கென்றே, நான்கு சில்லுகளும் இழுக்கும் பழைய ஊர்தியொன்றை வைத்திருக்கிறேன். கடந்த மார்கழியில், நகரின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ரயர்க்கடை நடத்தும் என் ஊரவர் ஒருவரிடம் அதற்குப் புதிய பனிக்கால ரயர்களைப் பூட்டுவித்தேன்.

“மாஸ்ரர், பனியில ஒட்டிக்கொண்டு போகும். நான் பொறுப்பு,” என்றார், ஊரில் ஆசிரியனாயிருந்த என்னிடம். நான்கு சில்லுகளின் கீழும் தாமே தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்துக் கற்பூரமும் காட்டினார். அதன்பின் குனிந்து ரயரைச் சோதிப்பது அவரை அவமதிப்பதாகும் என்று எண்ணிவிட்டேன்.

மறுவாரம், மனைவி அருகிலிருக்க, உறைந்த சரிவில் ஊர்தி பின்னோக்கி வழுக்கியது. பிரேக்கை முற்றாக மிதித்தும் நிற்கவில்லை. குளத்துக்கு ஓரடி முன்பாக வேலியொன்று எங்களைத் தாங்கிக்கொண்டது. டிராக்டரால் இழுத்துவிட்ட பண்ணைக்காரர் ரயரின் பக்கவாட்டைத் துடைத்து, அதிலிருந்த இலக்கங்களைக் காட்டினார். பதின்மூன்று ஆண்டுப் பழைய கோடைக்கால ரயர். இறுகிப்போன ரப்பருக்குக் கருமை பூசப்பட்டிருந்தது. அந்நியர் உண்மை சொன்னார்; ஊரவர் சொல்லவில்லை.

இருவரும் அவர் கடைக்குப் போய்க் கேட்டபோது, “எங்கட ஆக்கள் எண்டுதானே உடன பூட்டித் தந்தனான். பூசையும் செய்தனான்,” என்றார்.

“அந்தத் தேசிக்காயாவது புதுசோ, தம்பி?” என்று கேட்டார் என் மனைவி.

இப்போது, ரயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும் இறுதி இரண்டையும் வாசிக்கிறேன். பனிக்கால ரயருக்கு அடையாளமான, மலைக்குள் பனித்துகள் பொறித்த குறியைத் தேடுகிறேன். தரையைப் பற்றும் பள்ளக்கோடுகளான தவாளிப்பின் ஆழத்தையும் அளக்கிறேன். தெரிந்தவர் கடையாயின் இருமுறை அளக்கிறேன். தேசிக்காய் அதற்குப் பின்னர்தான்.