சுரங்கக்காரரின் மேற்சட்டை

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

இன்று காலை, வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் புதிய சவர்க்காரத் தூள் பெட்டி ஒன்றை உடைத்தேன். வாசம் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

ஆறு வருடங்களுக்கு முன், இந்த ஹம் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்தைத் துப்புரவு செய்து வந்தேன். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பழைய பள்ளிக்கூடம், நான்கு அறைகள். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனுக்குக் கடைசியில் பள்ளிக்கூடத்திலேயே வேலை. உள்ளே அந்த ஊரின் நிலக்கரிச் சுரங்கச் சாமான்கள்: விளக்குகள், மண்வெட்டிகள், தகரச் சாப்பாட்டுப் பெட்டிகள். ஹெர் ஃபோக்ட் என்ற இளைப்பாறிய வாத்தியார் சம்பளம் வாங்காமல் அதைப் பார்த்துக்கொண்டார். ஞாயிறுகளில் மட்டும் திறப்பார்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கரி படிந்த மேற்சட்டை தொங்கியது. சுரங்கம் இடிந்து இறந்தவர் முதல்நாள் கழற்றி வைத்தது, மனைவி ஃபிராவ் பிரிங்க் தந்தது என்று ஃபோக்ட் சொல்லியிருந்தார்.

எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்த சிவம் அண்ணையிடம் இதைச் சொன்னேன்.

"செத்தவன்ரை உடுப்பைத் தோய்க்காமல் வைச்சிருக்கிறாங்களோ? அந்தாள் எப்பிடியடா போய்ச் சேரும்? உன்னை என்னத்துக்கு அங்கை துடைக்க விட்டிருக்கு?"

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குப் பகிடியாகப் படவில்லை. அந்த வருடம்தான் ஊரில் என் அண்ணன் நோய் வருத்தம் வந்து செத்திருந்தான். அகதி வழக்கு முடியாத நான் எப்படிப் போவது? செத்தவீட்டில் துடக்குக் கழிக்க எல்லாவற்றையும் தோய்ப்போம். அண்ணனின் உடுப்பை யார் தோய்த்தார்களோ.

திங்கட்கிழமை அந்தச் சட்டையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மூன்று தண்ணீர் கறுப்பாகப் போனது. நன்றாகக் காயவைத்து, வியாழக்கிழமை திரும்ப மாட்டினேன். மனம் லேசாக இருந்தது.

அந்த ஞாயிறு நாற்காலி அடுக்க என்னையும் வரச் சொன்னார்கள். ஃபிராவ் பிரிங்க் வந்தார். கண் பார்வை மங்கிய கிழவி. மாதத்தில் ஒரு ஞாயிறு ஃபோக்ட் அவருக்காகப் பெட்டியைத் திறந்துவிடுவார் என்று அன்றுதான் அறிந்தேன். கிழவி சட்டையில் முகத்தைப் புதைத்தார். பிறகு மெல்ல எடுத்தார்.

"சவர்க்காரம்," என்றார். "அவர் இல்லை. யார் செய்தது?"

ஃபோக்ட் சட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து அடுத்த நாற்காலியைத் தூக்கினேன்.

"நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார் ஃபோக்ட்.

கிழவி சட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "உங்களை நம்பித்தானே தந்தேன்," என்றார்.

ஊர் முழுக்க அவரைத் திட்டியது. அவர் சாவியை நகரசபையில் கொடுத்துவிட்டார். பார்க்க ஆளில்லாமல் அடுத்த வருடம் கட்டடத்தைப் பூட்டினார்கள். சாமான்கள் எந்த நிலவறைக்குப் போயினவோ தெரியாது.

ஃபோக்ட்டும் கிழவியும் ஒரே தெருக்காரர்கள். கிழவி சாகும்வரை அவருடன் ஒரு சொல் பேசவில்லை. அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. போன கிழமை அவரையும் புதைத்தார்கள். தோய்த்தது நான்தான் என்று சொல்ல எனக்கு இருந்தது அந்த இரண்டு பேர்தான்.

ஹம், 14.11.2009